மணிக்கயிற்றில் ஆறு இழுப்பு

ஆஷ்தோர்ப்,
5 பிப்ரவரி 1934, திங்கட்கிழமை.

என் அருமைப் பேரன் ஆம்ப்ரோஸுக்கு,

பாட்டி கெசையா எழுதிக்கொள்வது. எனக்குச் சளி விட்டுவிட்டது. கோழிகள் மறுபடி முட்டையிடத் தொடங்கிவிட்டன. ஹல் பட்டணத்துக் கடல்காற்று உன் மார்புக்கு ஒத்துக்கொள்கிறதா, அதை முதலில் எழுது. அண்டாவில் துணி கொதிக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து போய்க் கிண்டிவிட்டு வருவதால் வரி கோணலாகப் போகும், கண்டுகொள்ளாதே. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் உறையின் மேல் ‘கனம் ஆம்ப்ரோஸ் ஆட்லிங், குருவானவர்’ என்று எழுதும்போது மட்டும் என் கை கோணுவதே இல்லை. தபால்காரர் கண்ணில் படட்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை மாளிகையிலிருந்து மிஸ் ஃபென்விக் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேஜை விரிப்பில் ஏதோ கறை விட்டுவிட்டேனாக்கும் என்று பயந்துகொண்டே பின்வாசல் வழியாகப் போனேன். அவரோ என்னை முன்னறைக்கு அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த வீட்டுத் துணியை நாற்பது வருஷம் வெளுத்திருக்கிறேன், உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. வெதரல் ஐயா நவம்பரில் இறந்தபின் நம் கோயிலுக்குக் குருவானவர் இல்லாமல் கிடக்கிறதே, அந்த இடத்துக்கு ஆளை நியமிக்கும் உரிமை அவர் கையில்தானே இருக்கிறது. “மிஸஸ் ஆட்லிங், உங்க ஆம்ப்ரோஸுக்கு இன்னிக்குத்தான் எழுதினேன். அவர் வருவாரா? ஈஸ்டருக்குள்ள எனக்குப் பதில் தெரியணும். லிங்கன் பட்டணத்துல இன்னொருத்தர் காத்துட்டிருக்கார்” என்றார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, ராசா. “வருவான் அம்மா. அங்க அவன் இருக்கவேண்டிய காலம் முடிஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டேன்.

பொய்யா சொன்னேன்? போன வெள்ளிக்கிழமையோடு உனக்கு அங்கே ஆறு வருஷம் நிறைந்தது. நீ அந்தக் கோயிலை ஏற்றுக்கொண்ட நாளில் வெந்நீர் காலில் கொட்டி நான் வரமுடியாமல் படுத்திருந்தேன். சாவியை வாங்கிக்கொண்டு நீ தனியாக உள்ளே போய் மணியை எத்தனை தடவை இழுத்தாய் என்று எழுதிக் கேட்டேன். “ஆறு, பாட்டி” என்று எழுதினாய். அந்தக் கடிதம் இன்னும் டீ டப்பாவில் இருக்கிறது. புதுக் குருவானவர் முதல் நாள் மணியை எத்தனை இழுப்பு இழுக்கிறாரோ, அத்தனை வருஷம் அந்தக் கோயிலில் இருப்பார். இது உன் பிஷப்புக்குத் தெரிகிறதோ இல்லையோ, மணிக்குத் தெரியும். வெதரல் ஐயா வந்த அன்று நான் தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டே எண்ணினேன். மணி ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ஒரு துணிக்கவ்வி, கொடியில் முப்பத்து மூன்று கவ்வி. முப்பத்து மூன்று வருஷம் இருந்தார். அவருக்கு முன்னால் வந்தவர் மூச்சு வாங்கி ஒன்பதில் நிறுத்தினார். ஒன்பதாம் வருஷம் அவரை அடக்கம் பண்ணினோம்.

மணி என்றதும் ஞாபகம் வருகிறது. மார்த்தா எப்டன் போய்விட்டாள். நம் கிரம்மிட்டுக்கு வயதாகிவிட்டது, கோயில் மணியையும் கல்லறைகளையும் இன்னும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். செத்தது பெண் என்று ஊருக்குத் தெரிய ஆறு அடித்தான், பிறகு வயதுக்கு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான். மார்த்தாவுக்கு எண்பத்தொன்று. இவன் எழுபத்தொன்பதில் நிறுத்திவிட்டான். கேட்டால், “கடைசி ரெண்டு வருஷம் படுக்கையிலதானே கிடந்தா, அதைக் கழிச்சுட்டேன்” என்கிறான்!

குருவானவர் குடியிருக்கும் குருமனையின் சாவியை மிஸ் ஃபென்விக்கிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பதினொரு அறைக்கும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். வெதரல் ஐயாவிடம் நீ லத்தீன் படித்த அறையில் எலி இருக்கிறது, பூனைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உடனே பதில் எழுது.

உன்னை வளர்த்தவள், உனக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருப்பவள்,
கெசையா ஆட்லிங்


ஆஷ்தோர்ப்,
28 பிப்ரவரி 1934.

என் அருமை ஆம்ப்ரோஸ்,

உன் கடிதம் வந்தது. காற்றைப் பற்றி ஒரு பக்கம், கூரை ஒழுகுவது பற்றி அரைப் பக்கம், என் சளியைப் பற்றி நாலு வரி. மிஸ் ஃபென்விக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. உறைக்குள் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று கத்தியால் கிழித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அவருக்காவது எழுதினாயா? போன வாரம் வழியில் வண்டியை நிறுத்தி, “இன்னும் பதில் காணோமே மிஸஸ் ஆட்லிங்” என்றார். தவக்காலத்தில் குருவானவர்களுக்கு வேலை அதிகம் என்று சொல்லித் தப்பித்தேன். நீங்கள் உறுதி சொன்னதால்தான் லிங்கன்காரருக்குப் பிடிகொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். அன்றையிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை அடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, எதற்கு எடுத்தேன் என்று மறந்து நிற்கிறேன். லெகாட் வீட்டுத் தலையணை உறை ஒன்றைக் கருக்கிவிட்டேன். என் வாழ்நாளில் கருக்கினது அது ஒன்றுதான்.

லெகாட் என்றதும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்பட வேண்டாம். மாவு மில் வைத்திருக்கிறான், கோயில் கணக்கும் சாவியும் தன் கையில் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறான். சனிக்கிழமை கடையில் நாலு பேர் முன்னால், “நம்ம அழுக்கை வெளுத்தவ பேரன் இனி நமக்குப் பிரசங்கம் பண்ணப் போறானாம். அவனை ஐயான்னு கூப்பிடணுமா, ஆம்ப்ரோஸுன்னு கூப்பிடணுமா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. “ஐயான்னே கூப்பிடுங்க மிஸ்டர் லெகாட். வெளுத்தது நான்தான், எந்தக் கறை எத்தனை ஊற வச்சும் போகலைன்னு எனக்குத்தான் தெரியும். அவன்கிட்ட இன்னும் சொல்லல” என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வெற்றியோடுதான் வெளியே வந்தேன். ஆனால் பாலம் வருவதற்குள் வேறொன்று தோன்றியது. இவர்கள் உன்னைக் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பயந்துதான் பேசாமல் இருக்கிறாயா?

இல்லை, வேறு ஏதாவதா? வரிசையாகக் கேட்கிறேன், வரிசையாகப் பதில் எழுது. உடம்பு சரியில்லையா? அங்கே ஒரு பெண் இருக்கிறாளா? இருந்தால் நல்லதுதானே, இங்கே பதினொரு அறை இருக்கிறது. கடவுள் மேல் கோபமா? அப்படி ஏதாவது என்றால் வெதரல் ஐயாவுக்கே இரண்டு தடவை வந்தது, அவர் அங்கியைக் கொண்டுவந்து கொடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும், ஆறு மாசத்தில் சரியாகிவிட்டது. பின்வாசல் வழியாக வந்த பாட்டி முன்வாசலில் வந்து நிற்பாளே என்று கூச்சமா? நான் பின்வாசலிலேயே வருகிறேன், ராசா. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசியாக ஒன்று. ஆறுதானே இழுத்தாய்?

பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு,
உன் பாட்டி கெசையா


ஆஷ்தோர்ப்,
16 மார்ச் 1934, வெள்ளிக்கிழமை.

என் கண்ணே ஆம்ப்ரோஸ்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதியிருந்தாய். உடம்பு நன்றாக இருக்கிறது, பெண் யாரும் இல்லை, கடவுளோடு சண்டை இல்லை, என்னைப் பற்றிக் கூச்சம் ஒருநாளும் இல்லை. எல்லாம் சரி. கடைசிக் கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விட்டாய். அதைப் பார்த்ததும் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. ஒரு நாள் முழுக்க நாற்காலியை ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நகர்த்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை நான் ஹல்லுக்கு வந்தேன்.

கோபப்படாதே. கிரம்மிட்டின் மருமகன் முட்டை ஏற்றிப் போகிற லாரியில் ஸ்டேஷன் வரை போனேன், அங்கிருந்து ரயில், அப்புறம் ஹம்பர் ஆற்றில் அந்த நீராவிப் படகு. அது ஆறா? அக்கரையே தெரியவில்லை. ஒரு மாலுமியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள், கரை வந்துதான் திறந்தேன். காலில் வெந்நீர் கொட்டிப் படுத்திருந்ததைத் தவிர்த்தால், ஐம்பது வருஷத்தில் நான் அண்டா பற்றவைக்காத முதல் திங்கட்கிழமை. இங்கே என் கொடி காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு லெகாட், “கிழவி போயிட்டாளா? மணிச் சத்தம் கேக்கலியே” என்று கிரம்மிட்டிடம் விசாரித்தானாம்.

அதிலும் பார், உன் தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது, அங்கேயும் ஒரு கொடியில்கூடத் துணி இல்லை. எல்லாரும் வெளுக்கிற திங்கட்கிழமை, நல்ல காற்று, வெயில் வேறு. சோம்பேறிச் சனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வீடு திரை இறக்கியிருந்தது. எல்லாரும் கறுப்பு உடுத்திக் கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டத்தோடு நானும் போய்க் கடைசிப் பெஞ்சில் தூண் மறைவில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் குருமனைக் கதவைத் தட்டி உன்னைத் திடுக்கிட வைக்கவேண்டும் என்றுதான் எண்ணம். பையில் உனக்காக உலர்பழ ரொட்டி இருந்தது.

என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டில்டா என்று பெயர், சிவந்த கை, மீன் அறுக்கிறவள். நான் புது முகமாக இருந்ததால் என் பக்கம் சாய்ந்து, “யாரைப் பறிகொடுத்தீங்கம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது செத்தவர்களுக்கான ஆராதனை என்று. ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போன கப்பல் பதினாலு பேரோடு முழுகிவிட்டது, உடம்பு ஒன்றும் கரை சேரவில்லை. நான் யாருமில்லை என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? வாயில் வேறொன்று வந்துவிட்டது. “பேரனை” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆராதனை முடியும் வரை விடவில்லை.

பிறகு நீ வந்தாய். என் ராசா, உன் வெள்ளை அங்கி என்ன கதியில் இருக்கிறது! சாம்பல் நிறம், கழுத்துப் பட்டையில் இரும்புத் துரு, கஞ்சி போட்டவள் கையை வெட்ட வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் முதலில் நீ பேசியது காதில் விழவில்லை. அப்புறம் விழுந்தது. நீ புத்தகத்தைப் பார்க்காமல் பதினாலு பெயரையும் சொன்னாய். பெயர் மட்டுமா? ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வராததற்கு என்னென்ன சாக்குச் சொல்வான் என்று சொன்னாய், கூட்டம் அழுகையோடு சிரித்தது. இன்னொருவன் போன மாதம்தான் உன் கையால் கல்யாணம் செய்துகொண்டவன், மோதிரத்தைத் தவறவிட்டுப் பெஞ்சுக்கு அடியில் நீயும் அவனுமாகத் தேடினீர்கள் என்று சொன்னாய். அந்த இடத்தில் உன் குரல் நின்றுவிட்டது. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு கிழவன் சத்தமாக, “மெதுவா சொல்லு ஐயா, நாங்க எங்கயும் போகல” என்றான். நம் கோயிலில் யாராவது அப்படிக் குரல் கொடுத்திருந்தால் லெகாட் வெளியே பிடித்துத் தள்ளியிருப்பான். நீ தலையாட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தொடங்கினாய்.

முடிந்து நீ வாசலுக்குப் போகும்போது எனக்கு இரண்டு முழ தூரத்தில் கடந்துபோனாய். டில்டாவிடம் நின்று, “கை வீக்கம் எப்படி இருக்கு? உப்புத் தண்ணியில வைக்காதன்னு சொன்னேன்ல?” என்று அதட்டினாய். “நீ வந்து மீனை அறு, அப்ப நான் வைக்கல” என்றாள் அவள். நான் தொப்பியை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்பியிருப்பாய். அங்கே உன் பின்னால் அத்தனை பேர் வரிசையாக நின்றார்கள், நான் குறுக்கே போக எனக்கு மனம் வரவில்லை.

டில்டா என்னை விடாமல் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் டீ கொடுத்தாள். உன் ரொட்டியை நாங்கள் இரண்டு பேரும் தின்றுவிட்டோம், மன்னித்துக்கொள். கொடியில் ஏன் துணி இல்லை என்று கேட்டேன். “இன்னிக்கு ரெண்டு கப்பல் கிளம்புதும்மா. ஆம்பிள கடலுக்குப் போற அன்னிக்குத் துணி துவைச்சா, அலை அவனையே துவைச்சு இழுத்துட்டுப் போயிடும்” என்றாள். வெளுக்கிறவளிடமே சொல்கிறாள்! நான் சிரிக்கவில்லை. பிறகு, பொறுக்கமுடியாமல், “உங்க குருவானவர் இங்க எத்தனை நாள் இருப்பார்?” என்று கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவரா? வந்த அன்னிக்கு மணி அடிச்சாரு பாருங்க, நாங்க தெருவில நின்னு எண்ணினோம். நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன். கெட்டில் பொங்குச்சு, உள்ள ஓடிட்டேன். அதை இறக்கி வச்சிட்டு வெளிய வந்தா, அப்பவும் அடிச்சிட்டேதான் இருக்காரு! கயிறு உரசிக் கையெல்லாம் கொப்புளம். எம்புருஷன் சொன்னான், இந்த ஆள் நம்ம எல்லாரையும் புதைச்சிட்டுத்தான் போவாருன்னு.” அப்புறம் கெட்டிலை மறுபடி அடுப்பில் வைத்துவிட்டு, “அவனைப் புதைக்கத்தான் உடம்பு கிடைக்கல” என்றாள்.

நாற்பத்தொன்றுக்கு மேல்! எனக்கு ஆறு என்று எழுதினாய்.

படகில் திரும்பும்போது கண்ணை மூடவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் கோபம்தான். குருவானவராக இருந்துகொண்டு வளர்த்தவளிடமே பொய்யா என்று. பாதி ஆற்றில் கோபம் இறங்கிவிட்டது. வெந்நீர் கொட்டின காலோடு படுக்கையில் கிடந்தவளுக்கு நீ வேறு என்ன எழுதுவாய்? ஆறு என்றால் பாட்டி பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்திருக்கிறாய். பொறுத்தும்கொண்டேன். அந்த ஆறு இல்லாவிட்டால் இத்தனை வருஷம் எதை எண்ணிக்கொண்டு இருந்திருப்பேன்? ஆகையால் அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஒரு கணக்கு அடித்தாய், எனக்கு ஒரு கணக்கு அடித்தாய்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலையாக மாளிகைக்குப் போனேன். “அம்மா, நான் உறுதி சொன்னது தப்பு. அவன் சொல்லாததை நான் சொல்லிட்டேன். நீங்க லிங்கன்காரரையே வரச் சொல்லுங்க” என்றேன். மிஸ் ஃபென்விக் கண்ணாடியைக் கழற்றி, “நம்ம ஊர் அவருக்குப் பிடிக்கலையா?” என்று கேட்டார். “பிடிக்காம என்ன அம்மா, அங்க அவனை ஐயான்னு கூப்பிட யாரும் யோசிக்கிறதில்ல” என்றேன். என்னை மறுபடி உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே வந்துவிட்டேன், உட்கார்ந்தால் அழுதிருப்பேன். நான் திரும்ப வாங்கினது என் வாக்கை மட்டும்தான். உன் பதிலை நீயே எழுது, இன்றைக்கே எழுது, எனக்காகத் தயங்காதே. குருமனை ஜன்னல்களை மூடிவிட்டேன். எலியையும் பூனை பிடித்துவிட்டது.

லெகாட் விடுவானா? “என்ன கெசையா, உன் பேரனுக்கு எங்க ஊர் பத்தலையாமே?” என்றான். “உங்க ஊருக்கு அவன் அதிகம்” என்றேன். பெருமை பாவம் என்று நீ பிரசங்கம் செய்தால் அதைக் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் இந்தப் பெருமையை மட்டும் விடமாட்டேன்.

இனி எனக்கு உன்னிடம் இரண்டு வேண்டுதல்.

முதலாவது, உன் அங்கிகளைப் பார்சலில் எனக்கு அனுப்பு. மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டையும். துருவுக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு வெயிலில் வைத்தால் போய்விடும். பதினாலு பெயர் சொல்லுகிறவன் அழுக்கு அங்கியோடு நிற்கக்கூடாது. கப்பல் கிளம்பாத நாளாகப் பார்த்து வெளுக்கிறேன், எந்த நாள் என்று மட்டும் எழுது.

இரண்டாவது, எனக்கு எழுபத்திரண்டு நடக்கிறது. இப்போது ஒன்றும் இல்லை, பயப்படாதே. ஆனால் ஒருநாள் கிரம்மிட் எனக்காகவும் கயிற்றைப் பிடிப்பான். அவன் எண்ணிக்கை எப்படி என்று உனக்கு எழுதியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் நீ வந்துவிடு. கல்லறைத் தோட்டச் சுவரோரம், நான் துணி உலர்த்தும் பக்கமாக நின்று எண்ணு. முதலில் பெண்ணுக்கென்று ஆறு விழும். அது நீ எனக்குக் கொடுத்த ஆறு, அதை உனக்கே திருப்பித் தருகிறேன். அதற்கப்புறம் விழுவதெல்லாம் என் வயது. ஒன்று குறைந்தாலும் அந்தக் கிழவனை விடாதே, உள்ளே போய்க் கயிற்றை வாங்கி நீயே அடித்து முடி. அப்புறம் அடுத்த படகிலேயே திரும்பிப் போய்விடு. அங்கே எண்ணிக்கை இன்னும் முடியவில்லை.

அந்தக் கடலையும் அதில் போகிறவர்களையும் கரையில் நிற்கிற உன்னையும் ஆண்டவர் காப்பாராக.

உன் மேல் கோபமே இல்லாத பாட்டி,
கெசையா ஆட்லிங்